அழிக்க வேண்டியவை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தால் என்னைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். பால் ஒரு பாக்கெட், தண்ணீர் இரண்டு பாட்டில், எலுமிச்சம்பழம் ஒன்று. அவ்வளவுதான். நேற்றைய மிச்சம், முந்தாநாள் மிச்சம், யாராவது சாப்பிடுவார்கள் என்று கிண்ணத்தில் மூடி வைத்த அரைக் கரண்டி என்று எதுவும் இருக்காது. என் மனைவிக்கு இதில் வருத்தம் உண்டு. "உங்க கையில ஒண்ணைக் கொடுத்தா அது இல்லாமப் போயிடும்" என்பாள். சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்குத் துடைப்பம் என்று பெயர். நான் கோபித்துக்கொண்டதில்லை. துடைப்பம் இல்லாத வீட்டில் இரண்டு நாள் இருந்து பார்த்தால் அவர்களுக்கே தெரியும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் இருவரும் காலையிலிருந்து என்னைக் கெட்ட எண்ணத்தோடு செய்தவன் மாதிரியே பார்க்கிறீர்கள். பணியாளர் துறை அம்மா என் முகத்தைப் பார்க்காமலேயே எழுதிக்கொண்டிருக்கிறார். வெளியிலிருந்து வந்திருக்கும் கம்ப்யூட்டர் நிபுணர் என் மெயில் பெட்டியைத் திறந்ததிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிறார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம்.

நம் கம்பெனி தண்ணீர் பம்பு செய்கிறது. நூற்று நாற்பது பேருக்கு மெயில் இருக்கிறது. அத்தனை மெயிலும் வந்து சேரும் சர்வர் மாடியில், என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் இருக்கிறது. அந்த அறை ஒரு காலத்தில் கழிவறை. சுவரில் குழாய் இன்னும் இருக்கிறது. தண்ணீர் வராமல் அடைத்திருக்கிறார்கள், ஆனாலும் நான் தினமும் காலையில் ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். பதினெட்டு வருடமாக அதுதான் வழக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குத் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. டிஸ்க் தொண்ணூற்றேழு சதவீதம் நிரம்பிவிட்டது. மறுநாளும் வந்தது. நூறு ஆகிவிட்டால் மெயில் உள்ளே வராது, வாசலோடு திரும்பிப் போய்விடும். புது டிஸ்க் கேட்டு மேனேஜருக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எதுக்குப்பா புதுசு? வீட்டுக்கு விருந்தாளி வந்தா வீட்டையா இடிச்சுக் கட்டுறோம்? இருக்கறதை ஒதுக்கி வெச்சு இடம் பண்ணுறோம்ல."

அவருடைய பெட்டி மட்டும் ஐம்பத்தெட்டு ஜிபி. தினமும் காலையில் அவருக்கு யாரோ ஒரு சூரிய உதயப் படத்தை ஒரு பொன்மொழியோடு அனுப்புவார்கள். அவர் அதை நூற்று நாற்பது பேருக்கும் அனுப்பிவைப்பார். தினம் நூற்று நாற்பது சூரியன். இதை நான் மரியாதையாகச் சுட்டிக் காட்டினேன்.

"அதைத் தொட்டுடாத. ஜனங்களுக்கு அது ஒரு உற்சாகம். மத்ததை நீயே பாத்து எடுத்துடு" என்றார்.

அவர் சொன்ன வார்த்தையை அம்மா அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். பார்த்து எடு என்றார். பார்க்காமல் எடுப்பவன் பொறுப்பில்லாதவன். நான் பார்த்தேன்.

முதலில் நேர்வழிதான் போனேன். வேண்டாததை அவரவரே அழித்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். புரியட்டும் என்று டிஸ்க்கின் நிலையைக் காட்டும் வண்ணப் படம் ஒன்றையும் சேர்த்தேன். படம் ஆறு எம்பி. நூற்று நாற்பது பேருக்குப் போனதில் எண்ணூற்று நாற்பது எம்பி ஆகிவிட்டது. முப்பத்தொரு பேர் 'சரி' என்று எல்லோருக்கும் பதில் போட்டார்கள். அதில் நான்கு புண்ணியவான்கள் என் படத்தையும் சேர்த்தே திருப்பி அனுப்பினார்கள். யாரும் ஒன்றையும் அழிக்கவில்லை. மறுநாள் காலை தொண்ணூற்றெட்டு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பது இதுதான்.

அதற்குப் பிறகுதான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் படிக்க ஆரம்பித்தேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் மெயிலைப் படிப்பது எனக்குப் பிடிக்காது. எழுத்துப்பிழை தாங்க முடியாது. ஆனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று படித்தால்தானே தெரியும். ஒரு நோட்டில் விதி எழுதி வைத்துக்கொண்டேன். தொண்ணூறு நாள் யாரும் திறக்காத மெயில் வேண்டாத மெயில். இரண்டு பேருக்கு மட்டும் சம்பந்தமானதும் கம்பெனிக்கு வேண்டாத மெயில். மூன்றாவது விதி, சந்தேகம் வந்தால் எடுத்துவிடுவது.

வரைபடப் பிரிவில் எதிரெதிர் மேஜையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஒன்பது மாதம் மெயிலில் சண்டை போட்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு முந்நூற்று நாற்பது மெயில். கடைசியில் ஒருவர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். மன்னிப்பு நான்கு வரிதான். கூடவே இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தோளில் கை போட்டு எடுத்த படத்தைப் பதினான்கு எம்பிக்கு இணைத்துவிட்டார். மற்றவர் அதைத் திறப்பதற்குள் நான் எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் அன்றிலிருந்து பேசுவதில்லை, எழுதுவதும் இல்லை. மாதம் இருநூறு எம்பி மிச்சம்.

விற்பனைப் பிரிவு அம்மாவின் ராஜினாமாக் கடிதமும் நான் எடுத்ததுதான். மேனேஜர் சூரியனைத் தவிர வேறெதையும் திறப்பதில்லை. கடிதம் மூன்று மாதமாக அவர் பெட்டியில் மூடியபடியே கிடந்தது. எட்டு இணைப்பு வேறு. அந்த அம்மா பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு ஒரு நாள் அவர் அறை வாசலிலேயே போய் நின்றார். மேனேஜர் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, நல்லா இருக்கியா? உன்னை மாதிரி ஆளுங்களாலதான் கம்பெனி ஓடுது" என்றார். எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார். தன்னைப் போகவிட மனசில்லாமல்தான் இவர் பதிலே போடவில்லை என்று அந்த அம்மா உருகிப்போய்த் திரும்பிவிட்டார். இன்று அவர்தான் பிரிவுத் தலைவர். அவருக்கு வேறிடத்தில் கிடைத்திருந்த வேலை, எப்போது சேருகிறீர்கள் என்று அவர்கள் கேட்ட மெயில், அதெல்லாம் எனக்குத் தெரியும். அதையும் எடுத்துவிட்டேன். பழையதை நினைத்து ஏங்குவது உடம்புக்கு நல்லதில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஸ்டோர் அண்ணனின் பெட்டிக்கு வந்தேன்.

நீங்கள் காலையிலிருந்து கேட்க விரும்புவது இதைத்தான் என்று தெரியும். ஸ்டோர் அண்ணன் என்பது கீழ்த்தளத்தில் உதிரிபாகங்களைப் பார்த்துக்கொள்பவர். ஐம்பத்தேழு வயது. மனைவி இல்லை. ஒரு நட்டு வேண்டும் என்று போனால் பழைய நட்டைக் காட்டினால்தான் புதியது தருவார். அவருக்கு ஒரே மகள். அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டுத் தானே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. இதெல்லாம் அவர் சொல்லி எனக்குத் தெரியாது. அவர் சொல்கிற ஆள் இல்லை. மகள் எழுதிய முதல் மெயிலில் இருந்தது.

"அப்பா, போன்ல என் நம்பரை அடைச்சு வெச்சிருக்கீங்க. இது ஆபீஸ் அட்ரஸ், இதை உங்களால அடைக்க முடியாதுன்னு நினைக்கிறேன். நீங்க தாத்தா ஆயிட்டீங்க. படம் வெச்சிருக்கேன். திட்டணும்னாலும் பாத்துட்டுத் திட்டுங்க."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு மெயில். ஒவ்வொன்றிலும் பத்துப் படம், ஏறக்குறைய நாற்பது எம்பி. மொத்தம் எழுபத்து மூன்று மெயில். கிட்டத்தட்ட மூன்று ஜிபி. ஒன்றைக்கூட அவர் திறக்கவில்லை. எல்லாம் தடித்த எழுத்தில் அப்படியே வரிசையாக இருந்தன. விதிப்படி அது வேண்டாத மெயில்.

நான் அவசரப்படவில்லை. எழுபத்து மூன்றையும் வரிசையாகத் திறந்து பார்த்தேன். பதினோரு நாள் ஆயிற்று. குழந்தையைப் பட்டாணி என்று கூப்பிடுகிறார்கள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததாம். முதல் படத்தில் துணிச் சுருளுக்குள் மூக்கு மட்டும் தெரிகிறது. பன்னிரண்டாவது மெயிலில் சிரிக்கிறது. முப்பதாவதில் பல். ஐம்பத்தெட்டில் எழுந்து நின்றுவிட்டது, சோபாவைப் பிடித்துக்கொண்டு, ஊரையே விலைக்கு வாங்கியவள் மாதிரி. எழுபத்து மூன்றில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு நடக்கிறது. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எடுத்துவிட்டேன்.

பிள்ளைகள் எழுதுவதில் ஒரு அளவு வேண்டும். என் மகனும் வெளியூரில்தான் இருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒரு மெயில் போடுவான். 'நலம்' என்று ஒரே சொல். இரண்டு கேபி. இடத்தை அடைக்காத பிள்ளை. அவனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

திங்கட்கிழமை காலை ஸ்டோர் அண்ணன் மாடிக்கு வந்தார். மாடிப்படி ஏறி அவரை யாரும் பார்த்ததில்லை. மூச்சு வாங்க, சர்வர் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஒரு சின்ன விஷயம். என் பெட்டியில எழுபத்திமூணுன்னு ஒண்ணு காட்டும். தடிச்ச எழுத்துல. இப்ப அது இல்ல."

"திறக்காத மெயிலாண்ணே?"

"திறக்கலப்பா. திறக்கணும்னுதான் வெச்சிருந்தேன். கோவம் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அது தீரட்டும்னு இருந்தேன்."

"தீர்ந்துடுச்சா?"

"தீர்ந்துச்சுன்னுதான் நினைக்கிறேன். சனிக்கிழமையே உக்காந்துட்டேன், பாத்தா காணோம்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இப்படி இருப்பவரிடம் விதி, தொண்ணூறு நாள் என்றெல்லாம் விளக்குவது மனிதத்தன்மை இல்லை. அதனால் வேறு ஒன்றைச் சொன்னேன்.

"அனுப்பினவங்களே திரும்ப எடுத்திருப்பாங்கண்ணே. இப்ப அப்படி ஒரு வசதி வந்திருக்கு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துடலாம்."

அவர் சுவரில் இருந்த குழாயைப் பார்த்தார். பிறகு, "நியாயம்தான். எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தி கதவைத் தட்டிக்கிட்டே இருப்பா" என்றார். இறங்கிப் போகும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவர் தன் பெட்டியை நாற்பத்தொரு தடவை திறந்து பார்த்திருக்கிறார். பதிவில் இருக்கிறது. சர்வருக்கு அது வீண் சுமை. பொறுத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு சிக்கல். அந்த வெள்ளிக்கிழமையும் மகள் எழுதத்தான் போகிறாள். எழுபத்து நான்காவது மெயில் அவர் பெட்டியில் வந்து விழுந்தால், அவள் திரும்ப எடுக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். பதினெட்டு வருடம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுப் பொய்யன் என்று பெயர் எடுக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் அவள் அனுப்புவதெல்லாம் நேராக என் பெட்டிக்கு வருகிற மாதிரி செய்துவிட்டேன். அவர் பெட்டியும் நிறையாது. இரண்டு வேலை ஒன்றாக முடிந்தது.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. நாற்பத்திரண்டு எம்பி. இப்படியே போனால் என் பெட்டி தாங்காது. எனவே ஸ்டோர் அண்ணனின் முகவரியிலிருந்து ஒரு வரி எழுதினேன். வேறு முகவரியிலிருந்து எழுதினால் அந்தப் பெண் பயந்துவிடுவாள் அல்லவா. 'படங்கள் பெரிதாக உள்ளன. அளவைக் குறைத்து அனுப்பவும்.' இதில் ஒரு தவறான வார்த்தை காட்டுங்கள் பார்க்கலாம்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"அப்பா, நிஜமா நீங்கதானா? நாலு வருஷம் கழிச்சு எழுதுற முதல் வார்த்தையே குறைத்து அனுப்பவும்தானா? நீங்கதான், சந்தேகமே இல்ல. அழுதுக்கிட்டே சிரிச்சேன்ப்பா. இவர் என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாரு. இந்தாங்க, குறைச்சு அனுப்பியிருக்கேன்."

குறைத்துத்தான் அனுப்பியிருந்தாள். ஆனால் இருபத்தாறு படம். அதோடு வெள்ளிக்கிழமை மட்டும் எழுதிக்கொண்டிருந்தவள் செவ்வாய்க்கிழமையும் எழுத ஆரம்பித்தாள். கேள்வி கேட்டு எழுதினால் பதில் போடாமல் இருப்பது அநாகரிகம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாள். டாக்டரிடம் காட்டு, தண்ணீர் நிறையக் கொடு, பயப்படாதே என்று எழுதினேன். நான்கு வரி. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கமாக முறுக்கிப் பார்க்கும் குழாயைக்கூட மறந்துவிட்டு மெயிலைத்தான் திறந்தேன். காய்ச்சல் விட்டுவிட்டது என்று இருந்தது. அன்று மேனேஜரின் சூரியன்கூட அழகாகத்தான் இருந்தது.

ஸ்டோர் அண்ணன் மாதிரியே எழுத வேண்டுமே என்று வாரம் ஒருமுறை கீழே போய் ஒரு நட்டு கேட்பேன். அவர் பேசுவதைக் கவனித்துக்கொள்வேன். முன்பெல்லாம் பழைய நட்டு எங்கே என்று சத்தம் போடுவார். இப்போது கேட்காமலேயே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். மேஜையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். ஆள் பாதியாகிவிட்டார். அவர் சரியாகப் பேசாததால் எனக்குக் கடிதம் எழுதுவது கொஞ்சம் கஷ்டமாகப் போயிற்று. பிறகு என் இஷ்டத்துக்கு எழுத ஆரம்பித்தேன். "அப்பா, இப்பல்லாம் நீங்க ரொம்ப மென்மையாயிட்டீங்க" என்று அவளே எழுதினாள்.

ஒரு படத்தை மட்டும் அச்செடுத்து வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். செருப்பு மாட்டிக்கொண்டு நடக்கிற படம். "யாருங்க இந்தக் குழந்தை?" என்று மனைவி கேட்டாள். ஆபீஸ் விஷயம் என்றேன். கதவின் வெளிப்பக்கம்தானே, இடம் எதையும் அடைக்காது.

இப்படிப் பதினோரு மாதம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் அவள் எழுதினாள். "அப்பா, ஒரு பத்து நாள் வந்துட்டுப் போகலாம்னு இருக்கோம். பட்டாணி உங்க படத்தைக் காட்டித் தாத்தா தாத்தாங்கறா. வரலாமாப்பா?"

நான்கு நாள் யோசித்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் அது சரிப்பட்டு வரவில்லை. வந்தால் அவர்கள் கீழ்த்தளத்துக்குத்தான் போவார்கள். மாடிக்கு யார் வரப்போகிறார்கள். நேரில் பார்த்துவிட்டால் அப்புறம் எழுத என்ன இருக்கிறது, படம் அனுப்ப என்ன இருக்கிறது. நன்றாக நடக்கும் ஒரு விஷயத்தை வீணாகக் கெடுக்கக் கூடாது. ஐந்தாம் நாள் பதில் எழுதினேன். 'வர வேண்டாம். வீட்டில் இடமில்லை. படம் மட்டும் போதும்.'

அந்த மெயில் ஒரு கேபிகூட இல்லை.

ஆனால் அவள் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். வராதே என்றால் வந்தே தீருவாள். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கம்பெனி கேட்டில் ஒரே பேச்சுச் சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஒரு பெரிய பெட்டி, ஒரு பெண், அவள் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு மஞ்சள் சட்டை. அந்த மஞ்சள் சட்டையை எனக்குத் தெரியும். தொண்ணூற்றெட்டாவது மெயில். நான் படியிறங்கியதே எனக்குத் தெரியாது.

ஸ்டோர் அண்ணன் ஏற்கெனவே அங்கே வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் ஏதோ வால்வு. அவள் அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். "இடமில்ல, வராத, படம் மட்டும் போதும்னு எழுதினீங்களேப்பா. எப்படிப்பா மனசு வந்துச்சு?"

"நானா? நான் எங்கம்மா எழுதினேன்? நீதான் எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கிட்டியாமே."

"நான் எதைத் திரும்ப எடுத்தேன்?"

அந்த நேரத்தில் நான் பேசாமல் திரும்பி மாடிக்குப் போயிருந்தால் இந்த விசாரணையே வந்திருக்காது. ஆனால் குழந்தை அம்மாவின் காலுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி நேராக என்னைப் பார்த்தது. நிஜத்தில் இன்னும் கொஞ்சம் குண்டு. நான் குனிந்து உட்கார்ந்தேன்.

"பட்டாணி, முட்டிக் காயம் ஆறிடுச்சா?" என்றேன்.

ஊஞ்சலிலிருந்து விழுந்தது. பத்து நாளைக்கு முன்பு. மருந்து போடும்போது எரிந்ததாம், ஆனால் அழவில்லையாம். பேன்ட்டுக்குள் இருக்கும் காயம் கேட்டில் நின்ற யாருக்கும் தெரிய வழியில்லை என்பது கேட்டுவிட்டுத்தான் எனக்கு உறைத்தது.

"இவரு யாருப்பா?" என்றாள் அவள்.

"இவன்... மெயில் பாக்குற தம்பி" என்றார் அவர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். கையில் வால்வு வேறு இருந்தது. அவர் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த எழுபத்திமூணும் நீதான் எடுத்தியா?"

"ஆமாண்ணே."

"ஏண்டா?"

"இடம் இல்லண்ணே."

அப்போதுதான் பணியாளர் துறை அம்மா, நீங்களும் அங்கே வந்து சேர்ந்தீர்கள். வேலியே பயிரை மேய்ஞ்ச கதையால்ல இருக்கு என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. இருக்கட்டும்.

கடைசியாக நிபுணர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரண்டு வருடமாக இருநூற்றுப் பன்னிரண்டு ஜிபி எடுத்திருக்கிறேன், ஆனால் டிஸ்க் இன்றைக்கும் தொண்ணூற்றேழிலேயே நிற்கிறது, எப்படி என்று கேட்டார். என் பெட்டிக்குள் 'அழிக்க வேண்டியவை' என்று ஒரு தனி அடுக்கு இருப்பதையும், அது சரியாக இருநூற்றுப் பன்னிரண்டு ஜிபி என்பதையும் அவரே கண்டுபிடித்துவிட்டார். அவருக்குத் தெரியாததில்லை, எங்கள் தொழிலில் முதல் பாடமே நகல் எடுக்காமல் எதையும் அழிக்கக் கூடாது என்பதுதான். நான் ஒவ்வொன்றையும் நகல் எடுத்த பிறகுதான் அழித்தேன். நகலையும் அழித்துவிட்டால் இடம் வந்துவிடும். அது ஐந்து நிமிட வேலை. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால்தான் இன்னும் செய்யவில்லை. இன்னும் அழிக்கவில்லையே தவிர, மறந்துவிடவில்லை. ஜன்னல் சண்டை மன்னிப்பு, ராஜினாமா, பட்டாணியின் முதல் பல் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மதியத்தில் எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.

ஸ்டோர் அண்ணனுக்கு இப்போது எழுபத்து மூன்றும் கிடைத்துவிட்டன. நான் நகல் எடுக்கவில்லையென்றால் கிடைத்திருக்குமா என்பதை நீங்கள் யாரும் யோசிக்கவில்லை. ஒரு நாளைக்கு நான்கைந்து என்று திறக்கிறாராம், மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் கதை சொல்கிறாளாம், பேத்தி மடியிலாம். வாட்ச்மேன் சொன்னார். அவர் பெயரில் நான் எழுதியதையும் படித்துவிட்டு, "நானா இருந்தா இவ்வளவு நல்லா எழுதியிருக்க மாட்டேன்" என்றாராம். சொல்லிவிட்டு, அவன் என் கண்ணில் படக் கூடாது என்றும் சொன்னாராம். முதலில் சொன்னதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

என் மகனும் கேள்விப்பட்டுவிட்டான் போலிருக்கிறது. நேற்று மெயில் போட்டிருந்தான். 'என்னாச்சு?' என்று. நலம் என்று பதில் போட்டேன்.

புது டிஸ்க் வந்துவிட்டதாமே. நான்கு டெராபைட். மூன்று கடிதத்தில் நடக்காதது ஒரு விசாரணையில் நடந்துவிட்டது, மேனேஜருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். படித்தது நான்தான். எடுத்தது நான்தான். அப்பா என்று நம்பிய பெண்ணுக்கு அப்பாவாக எழுதியதும், வராதே என்று சொன்னதும் நான்தான். எல்லாம் இடத்துக்காகச் செய்தது. அதில் எனக்கென்று ஒன்றும் கிடையாது.

ஒரே ஒரு விஷயம். என் பெட்டியை இன்று சாயங்காலம் மூடப்போவதாக நிபுணர் சொன்னார். மூடட்டும். ஆனால் இன்று வியாழக்கிழமை. நாளை சாயங்காலம் வரைக்கும் திறந்து வைக்க முடியுமா? அவள் இப்போது அப்பா வீட்டில்தான் இருக்கிறாள், இனிமேல் அவர் போனுக்கே அனுப்பிவிடுவாள், தெரியும். இருந்தாலும் கை பழகிப்போயிருக்கும். நான்கு டெராபைட்டில் எனக்கு ஒரு நாற்பது எம்பி ஒதுக்கினால் போதும். நாளைக்கு வெள்ளிக்கிழமை, என் பேத்தி படம் வரும்.